மூணாவது ஓலை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. ஒருத்தியின் நெஞ்சுக்குள்ளேயே கொதித்துக் கொதித்து, கடைசியில் ஒரே ஒரு தடவை வெளியே வந்த கதை. இடம் சங்குமுனை மாதா கோயில். நேரம் ஞாயிற்றுக்கிழமை ஏழரைப் பூசை. சாமியார் பிரசங்கம் வைக்க ஏறிவிட்டார். பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் மூன்று அக்கா தங்கச்சிகள் இருக்கிறார்களே, அதில் ஓரமாக, கையில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவள்தான் மூத்தவள், மெற்றில்டா. வயது நாற்பத்துநாலு. ஊருக்கெல்லாம் கல்யாணக் கவுன் தைத்துக் கொடுக்கிற கை. நடுவில் செலஸ்தி, அதற்கு அந்தப் பக்கம் இளையவள் மெலிற்றா. ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிறார்கள். மெற்றில்டாவுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். அதற்கு இன்றைக்கு மூணாவது ஓலை, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு.

பொறுமை, என்றார் சாமியார். அந்தச் சொல் மைக்கில் மோதி, கோபுரத்தில் கட்டியிருக்கிற குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கச் சுற்றி, கடல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து மெற்றில்டாவின் காதில் விழுந்தது. பொறுமையாம். யாருக்குச் சொல்கிறார் இவர், முன் பெஞ்சில் வெள்ளை வேட்டியும் கமிட்டித் தலைவர் மிடுக்குமாக உட்கார்ந்திருக்கிற அண்ணன் கஸ்பாருக்கா, இல்லை, எனக்கா, நான் இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும், பொறுத்துப் பொறுத்துத்தானே ரெண்டு ஓலை போயிற்று, முதல் ஞாயிறு ஒன்று, போன ஞாயிறு ஒன்று, பூசை முடிகிற நேரத்தில் அந்தச் சாம்பல் நிற நோட்டை விரித்து, உப்புத்துறையைச் சேர்ந்த பஸ்காலிஸ் என்பவரும் இவ்வூர் மெற்றில்டாவும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தபோது, விக்கினம் என்றால் தடைதானே, அந்தத் தடை இந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதே, மூச்சு விடுகிறதே, எவருக்குமா தெரியவில்லை? கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஓடியது. தலைக்கு மேலே காற்றாடி கறக் கறக் என்று சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. கையில் இருந்த காகிதம் ஈரமாகிவிட்டது. அது மன்றாட்டுக் காகிதம். இந்த ஞாயிறு பூசைப் பணி அவர்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு, ஐந்து பொம்பிளைகள் வரிசையாகப் போய் ஆளுக்கொரு மன்றாட்டு வாசிக்க வேண்டும், மெற்றில்டாவுக்கு நாலாவது. ஆறு மாதத்துக்கு முன்னாலேயே எழுதி ஒட்டிய பட்டியல். "கல்யாணப் பொண்ணு மைக்ல போய் நின்னு வாசிக்கவா, வேற யார்ட்டயாவது குடுங்க உபதேசியாரே" என்று அண்ணன் பெண்டாட்டி, மைனி ரொசாலி காலையில் வாசலிலேயே கை நீட்டினாள். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று மெற்றில்டாவுக்கே அப்போது தெரியாது. எல்லாவற்றையும் கை நீட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறாளே, இதையாவது வைத்துக்கொள்வோம் என்ற வீம்பு.

அறையை வாங்கிக்கொண்டாள், இல்லையா. கடலைப் பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் அலை முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும், மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டே பார்க்கலாம். அண்ணன் மகனுக்கு அடுத்த மாதம் பெண் வருகிறாள், பெண்ணுக்கு அறை வேண்டும், அறையில் கிழவி ஒருத்தி இருக்கிறாள், கிழவியை எங்கேயாவது கட்டிக்கொடு. அவ்வளவுதானே கணக்கு! உப்புத்துறை பஸ்காலிஸ் பெண் பார்க்க வந்தபோது அவள் முகத்தையே பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். "நல்ல பலமான கைதான். எங்கம்மாவத் தூக்கிப் பொரட்டிப் படுக்க வைக்கணும், மூணு வருசமாப் பாயோட கெடக்காவ" என்றார். காப்பியைக் குடித்தார். அந்தக் காப்பியில் கொஞ்சம் உப்பை அள்ளிப் போட்டிருக்கலாம், போடவில்லை, அதுவும் ஒரு கோபம். கடல் தெரியாத வீடாம் அது. சத்தமும் கேட்காதாம். ராத்திரி கண் முழித்தால் எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் தலை என்று எப்படித் தெரியும்? பாயில் கிடக்கிற அந்தத் தாய்மேல் கோபம் இல்லை, பாவம், அந்த அம்மாளையும்தான் யார் கேட்டார்கள்.

கடலோர வீட்டுக்காரிகள் என்று நினைத்தாலே அவளுக்கு அந்த நாலு பேரும் வந்துவிடுவார்கள். அகதா, ஹெஸ்டர், நெல், பிலிப்பா. இங்கிலாந்தில் ராஜாவுக்குப் புத்தி கலங்கி, ராஜா மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலத்துப் பெண்கள். யாரோ ஒரு புண்ணியவதி அவர்கள் கதையைத் தமிழில் எழுதி, ஏழு தடிப் புத்தகமாக வாடகை நூலகத்தில் வந்து சேர்ந்தது. கப்பல் தலைவன் பெற்ற நாலு பெண்கள், பாறைமேல் ஒரு வீடு, கீழே கடல், அப்பன் செத்ததும் வீடு ஆண் வாரிசென்று எவனோ ஒரு பெரியப்பா மகனுக்குப் போகிறது. அதை முதல் புத்தகத்தில் படித்தபோதே அவள் பல்லைக் கடித்தாள், நம்ம கஸ்பார் அங்கேயும் இருக்கிறான் என்று. ஆனாலும் என்ன ருசி! கையுறையைக் கழற்றுவதற்கு ரெண்டு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். முதலில் ஒரு விரல், பிறகு இன்னொரு விரல், அதுவரைக்கும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், படிக்கிறவளும்தான். படிக்கப் படிக்க இவள் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் மயிர் சிலிர்க்கும். நடனம் என்றால் முப்பது பக்கம், மழையில் நனைந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் காதல். எப்போது பார்த்தாலும் தேயிலைத் தண்ணி. ஏழு புத்தகத்திலும் கடல் இருக்கிறது, ஒருத்தியாவது மீன் கழுவியிருக்கிறாளா என்றால் இல்லை! "அங்க கடலு சும்மா பாக்கதுக்குத்தான் போல" என்பாள் மெலிற்றா. சனிக்கிழமை மத்தியானம் மூவரும் அந்த அறையில் கூடிவிடுவார்கள். மெற்றில்டா வாசிப்பாள், செலஸ்தி தரையில் படுத்துக்கொண்டு கேட்பாள், மெலிற்றா முறுக்கைக் கடித்துக்கொண்டு, "ஏக்கா, அந்த முத்தத்த இன்னொரு மட்டம் வாசி, எனக்குச் சரியாக் கேக்கல" என்பாள். இன்னொரு மட்டம் வாசித்தால், "இப்பமும் கேக்கல" என்பாள். அந்தச் சிரிப்பில் கடல் சத்தம்கூட அமுங்கிப்போகும்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது. பக்கத்தில் செலஸ்தி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், அதன் சின்னச் சத்தம் ஊசி மாதிரி குத்தியது. உருட்டு, நன்றாக உருட்டு. நாலாவது புத்தகம் உனக்கு மறந்துபோயிற்றா செலஸ்தி? மூணாமவள் நெல் என்பவளை அந்தப் பெரியப்பா மகன் ஒரு கிழட்டுப் பண்ணையாருக்குப் பேசி முடிக்கிறான், அங்கேயும் ஓலைதான், அங்கேயும் மூணு ஞாயிறுதான், அதைப் படித்தபோது மூவருக்கும் என்ன ஆச்சரியம், "ஏட்டி, அவுகளுக்கும் ஓலை உண்டாம்லா" என்று. மூணாவது ஓலை வாசிக்கிறபோது, பாதிரியார் விக்கினம் உண்டா என்று கேட்டு நிமிர்கிறபோது, ரெண்டாமவள் ஹெஸ்டர் எழுந்து நின்றாள். தொப்பியில் சொருகிய இறகு கிடுகிடுவென்று நடுங்க, எனக்குத் தெரியும் விக்கினம், என் தங்கைக்கு இதில் மனசில்லை என்றாள். மெற்றில்டா அந்த வரியை ரெண்டு மட்டம் வாசித்தாள். செலஸ்தி முந்தானை நனைகிற மாதிரி அழுதாள். மெலிற்றா முறுக்குக் கையோடு எழுந்து நின்று, "நம்மள்ல யாருக்காச்சும் இப்பிடி நடக்கட்டும், நான் பெஞ்சுமேலயே ஏறி நின்னு கத்துவேன்" என்றாள். ஏறி நின்றாளா? முதல் ஓலை வாசித்தபோது குனிந்து செருப்பைத் தேடினாள். ரெண்டாவது ஓலைக்கு, பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். மெற்றில்டா ரெண்டு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், இதோ இந்தப் பெஞ்சு கிறீச்சிடும், இதோ ஒருத்தி எழுந்திருப்பாள் என்று. பெஞ்சு கிறீச்சிடவே இல்லை. பூசை முடிந்து வெளியே வந்து, "ஹெஸ்டருக்கு மட்டும் அப்பிடி அழுதியேட்டி" என்று கேட்டால், செலஸ்தி சொல்கிறாள், "அது கததானேக்கா. நமக்கு அண்ணன் மொகத்தப் பாக்கணும்லா." காகிதத்துப் பெண்ணுக்குக் கண்ணீர், கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் முகம்! அந்த முகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துப் பார்த்து எதைக் கண்டீர்கள்?

சாமியார் பொறுமையை விட்டுத் தாழ்மைக்கு வந்திருந்தார். சரி, தங்கச்சிகளைச் சொல்லி என்ன. உன் வாய் எங்கேடி போயிருந்தது மெற்றில்டா? இதுதான், எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சிக்குகிறது, நூல் போய் மிஷின் பல்லில் சிக்குகிற மாதிரி, இழுத்தால் இன்னும் இறுகுகிறது. பங்கு ஆபீசில், மேசைக்கு அந்தப் பக்கம் இதே சாமியார், உனக்குச் சம்மதந்தானேம்மா என்று கேட்டார். கேட்கத்தான் செய்தார். "அதெல்லாம் சம்மதந்தான் சாமி" என்று பின்னால் நின்ற அண்ணன் சொன்னான். இவள் தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு எறும்பு செத்த ஈயை இழுத்துக்கொண்டு போனது, அதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்கமா அது! நாற்பத்துநாலு வருஷமாக எவரும் அவளை எதுவும் கேட்டதில்லை. திடீரென்று ஒரு நாள் கேட்டால் பதில் எங்கே இருந்து வரும்? பழகாத வாய். அப்புறம் பதில் வந்தது, நாலு நாள் கழித்து, அடுப்படியில், பால் பொங்குகிறபோது வந்தது. ஆபீசுக்கு ஓடினாள். ஓலையில் சொல்கிற மாதிரி முறையாக அறிவிக்கத்தான் போனாள். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தான், திருவிழாக் கணக்குப் பார்க்க. "என்னட்டி?" என்றான். ஒன்றுமில்லை என்று திரும்பினாள். மறுபடி ஒரு நாள் போனாள், சாமியார் மட்டும் இருந்தார், சொல்லியும்விட்டாள். "ஓலை ரெண்டு வாசிச்சாச்சேம்மா, பத்திரிகையும் குடுத்தாச்சு, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரு" என்றார். அண்ணனிடம் பேசவா சாமி உங்களிடம் வந்தேன்?

பத்திரிகை. ஆமாம், ஐந்நூறு அடித்து, கொடுத்தது போக ஒரு கட்டு அவள் கட்டில்மேலேயே கிடக்கிறது, ரோஸ் நிறத்தில், ரெண்டு புறா போட்டு. புறா வேறு. ஆனால் அந்தப் பீரோவை நினைத்தால்தான் காது மடல் சுடுகிறது. வரப்போகிற மருமகளுக்கு என்று அவள் அறைக்குள் பீரோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், இவள் இருக்கிறபோதே. ஒரு கால் தரையில் ஒட்டாமல் ஆடியது. கஸ்பார் நாலாபக்கமும் பார்த்தான். மிஷின்மேல் இருந்த ஏழாவது புத்தகத்தை எடுத்தான், கனத்தைப் பார்த்தான், காலுக்கு அடியில் தள்ளினான். "அது வாடகைப் புத்தகம் அண்ணே, நான் இன்னும் படிச்சு முடிக்கல" என்றாள். "இந்த வயசுல காதல் கதை படிச்சி என்னட்டி பண்ணப் போற? அங்க போயி ஒனக்கு நேரமிருக்குமா?" என்று கையைத் தட்டிக்கொண்டு போனான். ரொசாலி சிரித்தாள். ஏழாவது புத்தகம் மூத்தவள் அகதாவினுடையது. தங்கைகள் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் இல்லாமல் கடைசிக்கு நின்றவள். வயது முப்பத்தொன்று, அதற்கே கிழவி என்று எழுதியிருக்கிறாள் பாவி, முப்பத்தொன்றாம்! கால் தாங்கி நடக்கிற கப்பல் வைத்தியர் ஒருவர், பேச்சுக் குறைவு, சிப்பி பொறுக்குகிறவர். எண்பத்தெட்டாம் பக்கத்தில், காற்றும் மழையுமாக, அவர் அகதா வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். அங்கே நிறுத்தியிருந்தாள், மறுநாள் படிக்கலாம் என்று. பத்து நாளாயிற்று. பத்து நாளாக அந்த மனுஷன் மழையில் கையைத் தூக்கினபடியே நிற்கிறார், அவர் தலைமேல் ஒரு பீரோ, பீரோவுக்குள் இப்போதைக்கு ரொசாலியின் பட்டுச் சேலைகள். இப்போது நினைக்கிறபோது அழுகை வரவில்லை. கோபம்தான். வற்றக் காய்ச்சிய கோபம். பல்லுக்குப் பின்னால் இரும்பு ருசி.

எல்லாரும் எழுந்தார்கள். பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். நானூறு வாய் ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு போனது, யாரும் எதையும் நினைக்காமல், நினைப்பு எங்கேயோ, வாய் எங்கேயோ. மெலிற்றா வாயும் சொல்லிக்கொண்டே பிள்ளையின் பொத்தானைப் போட்டது. அப்போது மெற்றில்டாவுக்கு அது ஞாபகம் வந்தது. ஒரு தடவை உபதேசியார் பழைய காகிதத்தை மாற்றி எடுத்துவிட்டு, போன வருஷமே அடக்கம் பண்ணின மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், உடல்நலத்துக்காக மன்றாடினார். ஊரே கேட்டருளும் என்றது. மெலிற்றா அன்றைக்கு வாயைப் பொத்திச் சிரித்தாள்: "கடைசி வார்த்தையச் சொல்லிட்டா போதும்க்கா, நம்ம சனம் எதுக்கு வேணாலும் ஆமாம் போடும்." மெற்றில்டா கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஹெஸ்டர் மூணாவது ஓலை வாசிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். ஏன் காத்திருக்க வேண்டும்? நெல் எதற்கு ஹெஸ்டருக்காகக் காத்திருந்தாள், அவளுக்கு வாயில்லையா? அழகான கதைதான், ஆனால் அந்த இடம் தப்பு, எழுதினவள் அந்த இடத்தில் தப்புப் பண்ணிவிட்டாள் என்று, அத்தனை நாளில் முதல் தடவையாக, அவளுக்கு அந்தப் புத்தகத்தின்மேலேயே கோபம் வந்தது.

ஐந்து பேரும் வரிசையாகப் போய் நின்றார்கள். திருச்சபைக்காக ஒன்று, நாட்டுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஊர் பதில் சொன்னது. மெற்றில்டா மைக்கின்முன் வந்தாள். "கடலுக்குப் போகும் எங்கள் சகோதரர்கள் நல்ல மீன்பாட்டோடு பத்திரமாய்க் கரை திரும்ப வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." ஊர் பதில் சொன்னது. ஐந்தாவது பொம்பிளை ஒரு எட்டு முன்னால் வந்தாள். மெற்றில்டா நகரவில்லை. காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள், அதில் அதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதே ராகம். அதே நிதானம். "எங்கள் பங்கைச் சேர்ந்த மெற்றில்டா, தன் மனச்சம்மதம் இல்லாமல் பேசி முடிக்கப்பட்ட திருமணத்திலிருந்து விடுபடவும், இன்று வாசிக்க இருக்கும் மூன்றாம் ஓலை வாசிக்கப்படாமல் போகவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும், என்றது ஊர். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒன்றுபோல. முன் பெஞ்சில் கஸ்பார், நாற்பது வருஷப் பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, வாய் நிறையச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கண் திறந்தது.

பிறகு ஒரு அமைதி விழுந்தது பாருங்கள். காற்றாடிச் சத்தமும் கடல் சத்தமும் மட்டும். ஹெஸ்டருக்கு நடுங்க ஒரு தொப்பி இறகாவது இருந்தது, இவளுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள். சிவந்து வீங்கியிருந்தது, பூசைக்குள் கத்த முடியாது, கமிட்டித் தலைவர் அல்லவா. அப்படி ஒன்றும் பயப்படுகிற முகமாகத் தெரியவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் இன்னொரு மட்டம் சொன்னாள். "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்." இப்போது பழக்கம் பதில் சொல்லாது, இப்போது சொல்கிறவர்கள் தெரிந்துதான் சொல்ல வேண்டும். ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. மெலிற்றா, பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு, முழங்காற்படியிட்டு நிற்கிற பலகைமேல் ஏறி நின்றாள். "கேட்டருளும்!" என்று கத்தினாள், முன்னால் உள்ள பாதியை விட்டுவிட்டாள். அடுத்து செலஸ்தி, ஜெபமாலையைப் பெஞ்சில் வைத்துவிட்டு. அப்புறம் பெண்கள் பக்கம், இங்கே ஒன்று அங்கே ஒன்றாக, அவளிடம் கவுன் தைத்துப் போட்டுப்போனவர்கள் எல்லாம். ஆண்கள் பக்கம் இருமினார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்தவளுக்குத் தலையாட்டினார். அவள் மழைக்காக வேண்டினாள்.

மெற்றில்டா பெஞ்சுக்குத் திரும்பவில்லை. பக்கவாசல் வழியாக இறங்கி, மணலில் நடந்து, ஆளில்லாத வீட்டுக்குப் போய், தன் அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் பூசை அவள் பின்னாலேயே வந்தது. காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு. பிறகு அறிவிப்புகள். சாமியார் நோட்டை விரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. முதல் ஓலை ஒரு சோடிக்கு. ரெண்டாவது ஓலை ஒரு சோடிக்கு. மூணாவது, என்று தொடங்கி நிறுத்தினார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குழாய்க்குள் காற்று உஸ்ஸென்றது. பிறகு ஒரு செருமல். "செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நவநாள் ஜெபம்" என்றார் சாமியார்.

அவ்வளவுதான். மெற்றில்டா முந்தானையை இடுப்பில் சொருகினாள். பாயில் கிடக்கிற மனுஷியைத் தூக்கிப் புரட்டத் தோதான கை என்றார்களே, அந்தக் கையால் பீரோவின் ஒரு மூலையைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து நெம்பித் தூக்கினாள். காலால் புத்தகத்தை வெளியே தள்ளினாள். அட்டையில் பீரோக்கால் வட்டமாகக் குழித்திருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. தூக்கின பீரோவை அப்படியே தாங்கிக்கொண்டு, கட்டிலுக்குக் கையை நீட்டி, மிச்சமிருந்த அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுத்து, புறாப் படம் கீழே இருக்கும்படி காலுக்கு அடியில் செருகினாள். அசைத்துப் பார்த்தாள். கொஞ்சமும் ஆடவில்லை.